வானத்துக் கல்லுக்கும் பில் உண்டு!

காஞ்சிபுரத்தில் சரிகையைச் சோதிக்காமல் பட்டுச் சேலை வாங்குகிற வியாபாரி கிடையாது. துவரம் பருப்பை உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்காமல், மிளகாய் வற்றலை முகர்ந்து பார்க்காமல், மூட்டையை மறு எடை போடாமல் நாம் எந்தச் சரக்கையும் கடைக்குள் இறக்குவதில்லை. ஆனால் இத்தனை கெட்டிக்காரர்களான நம்மவர்களிலும் சிலர், "வானத்திலிருந்து விழுந்த பொருள் ஒன்று இருக்கிறது, கோடிக்கணக்கில் விலை போகும்" என்று யாராவது காதோரம் சொன்னால், கண்ணால் பார்க்காத சரக்குக்குக் கட்டுக்கட்டாகப் பணம் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். 'இரிடியம்', 'ரைஸ் புல்லர்', 'கோபுரக் கலசம்' என்று பெயர் மட்டும் மாறுகிறது. பறிபோவது என்னவோ கடை முதல்தான்.

வானத்திலிருந்து கல் விழுவது பொய் அல்ல. அதைத் தேடி அலைகிறவர்கள், அறுத்து மெருகேற்றுகிறவர்கள், கிராம் கணக்கில் எடை போட்டு விற்கிறவர்கள், ஆசையாக வாங்கிச் சேர்த்து வைக்கிறவர்கள் எல்லாரும் உலகில் உண்மையாகவே இருக்கிறார்கள். அங்கேயும் சரக்குக்குத் தரம் உண்டு, மொத்த வியாபாரி உண்டு, தரகர் உண்டு, பில் உண்டு. அந்த உண்மையான வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், போலி வியாபாரம் நம் கல்லாப் பெட்டியை நெருங்க முடியாது. அதற்காகவே இக்கட்டுரை.

நம் பக்கத்தில் விழுந்தவை

விண்கல் என்றால் எங்கோ அமெரிக்காவில் விழுவது என்று நினைக்க வேண்டாம். 1857 பிப்ரவரி 28 அன்று அன்றைய மதுரை மாவட்டத்தில் இரண்டு கற்கள் விழுந்தன. இரண்டும் சேர்ந்து சுமார் 77 கிலோ. உலகப் பட்டியலில் அதற்குப் 'பர்னல்லி' என்று பெயர். பெரிய கல் கப்பலேறி லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. 1886 ஜனவரி 27-இல் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து நம்மியந்தலில் சுமார் நாலரைக் கிலோ கல் விழுந்தது.

1890 ஜூன் 4-இல் திருப்பத்தூர் பக்கம் காகங்கரையில் விழுந்தது அரைக் கிலோவுக்கும் குறைவான சிறு கல். ஆனால் அதைப் போன்ற கல் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. ஆகவே அதற்கென்று தனி வகையே ஏற்படுத்தினார்கள். இன்றும் உலக விஞ்ஞானிகள் அந்த வகையைக் காகங்கரை வகை என்றுதான் குறிப்பிடுகிறார்கள். 1898-இல் கொடைக்கானல் மலையில் கிடைத்தது கல் அல்ல, சுமார் 16 கிலோ இரும்பு. அதுவும் வானத்து இரும்பு.

பீகாரில் கயை அருகே ஷெர்காட்டியில் 1865 ஆகஸ்ட் 25-இல் விழுந்த கல் செவ்வாய்க் கிரகத்திலிருந்து பெயர்ந்து வந்தது என்று பிற்காலத்தில் தெரிய வந்தது. செவ்வாய்க் கற்களில் பெரும்பகுதிக்கு 'ஷெர்காட்டைட்' என்று அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. அந்த வகைக் கல் ஒன்று 2025 ஜூலையில் நியூயார்க்கில் சோத்பிஸ் ஏலத்தில் 53 லட்சம் டாலருக்கு விலை போனது. ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டுப் பாலைவனத்தில் கிடைத்த அக்கல்லின் எடை 24.67 கிலோ. கணக்குப் போட்டால் கிராம் சுமார் 215 டாலர். அன்றைய தங்கத்தின் விலையைப்போல் இரண்டு மடங்கு.

இந்த ஒரு செய்திதான் மோசடிக்காரர்களுக்கு மூலதனம். "பேப்பரிலேயே போட்டிருக்கிறான் பாருங்கள்" என்று இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் அந்தச் செய்தியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஏலம் முடிந்ததும், அந்தக் கல் தன் நாட்டைவிட்டு எப்படி வெளியேறியது என்று நைஜர் அரசு விசாரணை தொடங்கியது. கோடி கொடுத்து வாங்கிய சரக்குக்கும் "எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி விடவில்லை.

பெயர், எடை, பதிவு

விண்கல் வியாபாரத்தின் பெரிய சந்தை வட ஆப்பிரிக்கா. மொராக்கோ, அல்ஜீரியா பக்கத்துப் பாலைவனங்களில் வெளிர் மணல்மேல் கறுப்புக் கல் பளிச்சென்று தெரியும். மழை இல்லாததால் சீக்கிரம் துருப்பிடிப்பதும் இல்லை. நாடோடி மக்கள் பொறுக்கி வருவதை எர்ஃபூத் போன்ற ஊர்களில் உள்ள வியாபாரிகள் மொத்தமாக வாங்குகிறார்கள். அவர்களிடமிருந்து ஐரோப்பிய, அமெரிக்க வியாபாரிகள் வாங்குகிறார்கள். ஆண்டுதோறும் ஜனவரி, பிப்ரவரியில் அமெரிக்காவின் டூசான் நகரில் நடக்கும் கல் சந்தை இதற்கு நம் ஊர்த் திருவிழாச் சந்தை மாதிரி.

ஆனால் கல்லை எடுத்த மாத்திரத்தில் விலை வந்துவிடாது. 1933-இல் தொடங்கப்பட்ட மெட்டியோரிட்டிக்கல் சொசைட்டி என்னும் உலகச் சங்கம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் சோதித்து வகை கண்டபின், அச்சங்கத்தின் பெயர்க்குழு ஏற்றுக்கொண்டால்தான் கல்லுக்குப் பெயர் கிடைக்கும். அப்படிப் பெயர் வேண்டுமானால் 20 கிராம், அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், இவற்றில் எது குறைவோ அந்த அளவு கல்லை ஒரு அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் நிரந்தரமாக ஒப்படைக்க வேண்டும். சரக்கில் சாம்பிள் எடுத்து வைப்பது போலத்தான். பெயர், கிடைத்த இடம், மொத்த எடை, வகை எல்லாம் பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

விலை எப்படி நிர்ணயமாகிறது? அரிசிக்கு ரகம், புதுசா பழசா, எந்த ஊர் நெல் என்று பார்ப்பது போல, கல்லுக்கும் ரகம், விழும்போதே பார்த்ததா பிறகு கண்டெடுத்ததா, கறுப்புத் தோல் கெடாமல் இருக்கிறதா, உலகில் மொத்தம் எத்தனை கிலோ இருக்கிறது என்று பார்ப்பார்கள். சாதாரண ரகக் கல் கிராம் ஓரிரு டாலருக்கும் கிடைக்கும். நிலாவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் வந்தவை மட்டுமே பெரிய விலை. விழுகிற கற்களில் மிகப் பெரும்பாலானவை சாதாரண ரகமே.

இத்தொழிலின் முன்னோடி ஹார்வி நினிங்கர் என்ற அமெரிக்கர். கல்லூரி ஆசிரியராக இருந்த அவர், ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் விண்கல் எப்படி இருக்கும் என்று விளக்கிச் சொல்லி, கொண்டுவந்தால் காசு தருவதாக அறிவித்தார். சொன்னபடி கொடுத்தார். அந்த நாணயமே அவருக்குச் சரக்கைக் கொண்டுவந்து சேர்த்தது. அவருடைய சேகரிப்பில் ஒரு பகுதியை 1958-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும், மீதியின் பெரும்பகுதியை 1960-இல் அரிசோனா பல்கலைக்கழகம் ஒன்றும் விலைக்கு வாங்கின.

அவருக்கும் முன்னால், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எலைசா கிம்பர்லி என்ற விவசாயி மனைவி, ஏர் உழும்போது இடறிய கனத்த கறுப்புக் கற்களை வீட்டருகே குவித்து வைத்தார். கணவரும் அக்கம்பக்கத்தாரும் கேலி செய்தார்கள். அந்த அம்மாள் விடாமல் கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதினார். 1890-இல் ஒரு பேராசிரியர் நேரில் வந்து பார்த்துப் பணம் கொடுத்து வாங்கினார். கவனியுங்கள்: வாங்குகிறவர்தான் தேடி வந்து பணம் கொடுத்தார். வைத்திருந்தவரிடம் 'சோதனைச் செலவு' என்று ஒரு காசும் கேட்கவில்லை.

அறுப்பும் சேதாரமும்

விண்கல்லைப் பதப்படுத்துவது பொறுமையான வேலை. தகடு போன்ற மெல்லிய வைர ரம்பத்தில் அறுக்கிறார்கள். ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பத்தின் கனம் அளவுக்குக் கல் தூளாகப் போகும். நகைக்கடைக்காரர் சொல்லும் சேதாரம் இங்கும் உண்டு. மெல்லிய துண்டுகளாகப் போட்டால் நாலில் ஒரு பங்குகூடத் தூளாகிவிடும். ஆகவே விலையில் சேதாரமும் சேர்ந்தே வருகிறது.

இரும்பு வகையை அறுத்து, உப்புத்தாள் கொண்டு படிப்படியாக மெருகேற்றி, ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தைத் தடவுவார்கள். சிறிது நேரத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் எழும்பி வரும், கட்டம் போட்ட சேலையைப் பார்ப்பது போல. நிக்கல் அதிகமுள்ள உலோகமும் குறைவாக உள்ள உலோகமும் தனித்தனியாகப் பிரிந்து நின்ற அடையாளம் அது. பத்து லட்சக்கணக்கான ஆண்டுகள் மெதுவாக ஆறினால்தான் அந்தக் கோலம் விழும். எந்தப் பட்டறையிலும் அதைப் போலியாகச் செய்ய முடியாது.

அடுத்த எதிரி ஈரம். உப்பையும் சர்க்கரையையும் மழைக்காலத்தில் காப்பாற்றுகிற நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறுத்த கல்லில் தண்ணீர் தங்கினால் உள்ளேயிருக்கும் இரும்பு துருவேறிக் கல்லே உதிரும். அதனால் அறுத்தவுடன் ஆல்கஹாலில் கழுவி, மிதமான சூட்டில் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப்புகாத டப்பாவில் வைக்கிறார்கள்.

கடைத் தராசிலேயே சோதனை

"எங்கள் நிலத்தில் கிடைத்தது, விண்கல்லாக இருக்குமோ?" என்று யாராவது ஒரு கல்லைக் கொண்டுவந்தால், நம் கடையில் இருக்கும் பொருள்களைக் கொண்டே முதல் சோதனை செய்யலாம்.

முதலில் எடை. கல்லை மின்னணுத் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பாத்திரம் தண்ணீரைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் கல்லின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 700 கிராம் கல் தண்ணீரில் 200 கிராம் காட்டினால் அடர்த்தி 3.5. நம் ஊர்க் கருங்கல் 2.7 அளவில் நிற்கும். கல் வகை விண்கல் பெரும்பாலும் 3.3 முதல் 3.7 வரை, இரும்பு வகை 7.8-க்கு அருகில்.

இரண்டாவது, உரசல். பளபளப்புப் பூச்சு இல்லாத பீங்கான் மேல், உதாரணமாக ஊறுகாய் ஜாடியின் அடி விளிம்பில், கல்லைத் தேயுங்கள். செங்கோடு விழுந்தாலும் கறுப்புக் கோடு விழுந்தாலும் அநேகமாக அது இரும்புத் தாது. விண்கல் பொதுவாகக் கோடு விடாது.

மூன்றாவது, கண் பார்வை. புதிதாக விழுந்த விண்கல்லின் மேல் மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும். உடைந்த இடத்தில் உள்ளே வெளிர் நிறமும், பொடிப் பொடியாக உலோக மினுமினுப்பும் தெரியும். தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக இருந்தால் அது பழைய உலைகளில் இரும்பு உருக்கிக் கொட்டிய சிட்டம். நம் மாநிலத்தில் சிட்டம் இல்லாத வட்டாரம் குறைவு. விண்கல் என்று வருகிறவற்றில் பல இதுதான்.

காந்தம் ஒட்டுவது மட்டும் போதாது. இரும்புத் தாதும் ஒட்டும், சிட்டமும் ஒட்டும். மேலும் பலமான காந்தத்தை வைத்தால் உண்மையான விண்கல்லில் பதிந்திருக்கும் பழங்காலக் காந்தத் தடம் அழிந்துபோகும் என்பதால் ஆய்வாளர்கள் அதை விரும்புவதில்லை. இந்தச் சோதனைகளில் தேறினால், அடுத்தது நிக்கல். சரிகையில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று காட்டுகிற அதே எக்ஸ்ரே கருவி, இரும்பில் நிக்கல் இருக்கிறதா என்றும் காட்டிவிடும்.

அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது என்பதற்கு வாணியம்பாடி அருகே நடந்ததே உதாரணம். 2016 பிப்ரவரி 6-இல் நாட்டறம்பள்ளி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பெரும் சத்தத்துடன் வெடிப்பு ஏற்பட்டு, பஸ் டிரைவர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்ததாகவே அரசு அறிவித்தது. உலகப் பத்திரிகைகளும் எழுதின. ஆனால் படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நிகழ்ந்த வெடிப்பு போலவே இருக்கிறது என்றார்கள். அரசாங்கமே சொன்ன பிறகும் சோதனை தேவைப்படுகிறது என்றால், முன்பின் தெரியாத தரகர் சொல்வதை அப்படியே நம்பலாமா?

இரிடியம் என்னும் பெயரில்

இரிடியம் ஒரு உண்மையான உலோகம். வெண்மையானது, மிகக் கடினமானது, 2,400 டிகிரிக்கு மேல் சூடேற்றினால்தான் உருகும். வண்டிகளின் ஸ்பார்க் பிளக்கிலும், ஆய்வுக்கூட மூசைகளிலும் பயன்படுகிறது. பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. தங்கம், வெள்ளி போல அதற்கும் அன்றாட விலை வெளியாகிறது. நாட்டின் பாதுகாப்பு ரகசியம் எதுவும் அதில் இல்லை.

பூமியின் மேல் மண்ணைவிட விண்கல்லில் இரிடியம் அதிகம் என்பது உண்மை. எவ்வளவு அதிகம்? ஒரு டன் கல் வகை விண்கல்லை அரைத்துப் பிரித்தாலும் ஒரு கிராம்கூடத் தேறாது. இந்த ஒரு துளி உண்மையில் ஒரு குடம் பொய்யைக் கலக்கிறார்கள். இடி விழுந்த செம்புப் பாத்திரம் இரிடியமாக மாறிவிட்டது என்கிறார்கள். கோபுரக் கலசத்தில் பல காலம் மின்னல் இறங்கி இரிடியம் ஏறியிருக்கிறது என்கிறார்கள். மின்னலால் செம்பு உருகலாமே தவிர, வேறு உலோகமாக மாறாது. கலசத்துக்குள் இருப்பது வரகு முதலிய தானியங்கள். காஞ்சியில் குடமுழுக்குக்கு நம் கடைகளிலிருந்தே எடை போட்டு வாங்கிப் போகிற அதே வரகு! இந்தப் பொய்யை நம்பிக் கோயில் கலசங்களைத் திருடியவர்களும் உண்டு என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

அரிசியை இழுக்கும் வித்தையும் அவ்வளவுதான். இரிடியத்துக்குக் காந்த சக்தி கிடையாது. அரிசியை எந்த உலோகமும் இழுக்காது. பாத்திரத்தில் காந்தத்தை மறைத்து, அரிசிக்குள் மெல்லிய இரும்புக் கம்பியையோ இரும்புத் தூளையோ சேர்த்துவிட்டால் அரிசி ஓடி வந்து ஒட்டும். அரிசி வியாபாரி ஒருவர் தன் கடை அரிசியைக் கையில் கொண்டுபோனால் அந்த நிமிடமே வித்தை கலைந்துவிடும். அதனால்தான் அரிசியையும் அவர்களே கொண்டுவருகிறார்கள்.

எடையிலும் பிடித்துவிடலாம். இரிடியத்தின் அடர்த்தி 22.5. ஒரு லிட்டர் பால் பாக்கெட் அளவு இரிடியம் 22 கிலோவுக்கு மேல் இருக்கும். கையில் சுலபமாகத் தூக்கிக் காட்டுகிற செம்பு, செம்புதான்.

பணம் பறிக்கும் வழி எங்கும் ஒரே மாதிரி. முதலில் ஒரு தரகர், பிறகு 'கம்பெனி', அதன்பின் 'விஞ்ஞானி'. கதிர்வீச்சு தாக்காத உடை என்று வெள்ளை உடுப்பைக் காட்டுவார்கள். கெமிக்கல் வாங்க, சோதனைக்கூடம் பிடிக்க, அதிகாரியைக் கவனிக்க என்று தவணை தவணையாகப் பணம் போகும். சோதனை நாள் வரும்போது மழை வரும், விஞ்ஞானிக்கு உடல்நிலை கெடும். 2018 மே மாதம் டில்லி போலீசார் கைது செய்த ஒரு தந்தையும் மகனும், ரைஸ் புல்லரை நாசாவுக்கு விற்றுத் தருவதாகச் சொல்லி ஒரு வியாபாரியிடம் வாங்கியது 1 கோடியே 43 லட்சம் ரூபாய். நம் மாநிலத்தில் 2025-இல் சி.பி.சி.ஐ.டி. போலீசார் பலரைக் கைது செய்தார்கள். இரிடியம் விற்ற பணம் ரிசர்வ் வங்கியில் நிற்கிறது, அதை விடுவிக்கக் கொஞ்சம் பணம் கட்டினால் கோடியாகத் திரும்பும் என்று போலிப் பத்திரங்களைக் காட்டியதாக அந்தக் கும்பல்மீது புகார்.

ஏமாந்தவர்கள் வெளியே சொல்வதில்லை. ஊர் சிரிக்கும், வங்கிக்காரர் கடன் தர யோசிப்பார், மண்டிக்காரர் சரக்கை நிறுத்துவார் என்ற பயம். அந்த மௌனமே அடுத்த கடைக்காரரைச் சிக்க வைக்கிறது.

உண்மைக் கல் கிடைத்தால்?

இந்திய மண்ணில் விழும் விண்கற்களைப் பெற்று, ஆராய்ந்து, பாதுகாக்கும் பொறுப்பு மத்திய அரசின் ஜி.எஸ்.ஐ. எனப்படும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்தது. 2017 ஜூன் 6-இல் ஜெய்ப்பூர் அருகே முகுந்தபுராவில் வயலில் விழுந்த அரிய கல் அத்துறையிடம்தான் சேர்ந்தது. 2022 ஆகஸ்ட் 17-இல் குஜராத்தின் தியோதர் வட்டாரத்தில் ஒரு கல் வேப்பமரத்தில் மோதியும், இன்னொன்று வீட்டு வாசல் தரையில் விழுந்தும் உடைந்தன. ஊர் மக்கள் பொறுக்கிக் கொடுத்த துண்டுகளை ஆமதாபாத் விஞ்ஞானிகள் சோதித்தபோது, இந்தியாவில் 1852-க்குப் பிறகு விழாத ரகம் அது என்று தெரிந்தது. அந்த மக்கள் அதைக் கண்ட தரகரிடம் விற்றிருந்தால், அது வெறும் கறுப்புக் கல்லாகவே காணாமல் போயிருக்கும்.

கல் மோதி உண்டான மகாராஷ்டிரத்து லோனார் ஏரிப் பள்ளமும் பாதுகாக்கப்பட்ட இடம். அங்கிருந்து கல் எடுத்து வந்து விற்க நினைக்கக் கூடாது. வெளிநாட்டு விண்கல்லை ஆசைக்கு வாங்க விரும்புகிறவர்கள், பட்டியலில் உள்ள பெயர், எடை, விற்பவரின் பில், சுங்க ரசீது நான்கும் இருந்தால் மட்டும் வாங்கலாம். அதுவும் வீட்டு அலமாரிக்காக, கையில் இருக்கும் உபரிப் பணத்தில். கடை முதலில் அல்ல.

நம் உறுப்பினர்கள் கவனத்துக்கு

1. பொருளை விற்பவர், அதை விற்க உங்களிடமே பணம் கேட்டால் அது வியாபாரம் அல்ல. எந்த வேடத்தில் வந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

2. பில், ஜி.எஸ்.டி. எண், நிலையான விலாசம் இல்லாதவரிடம் பருப்பே வாங்க மாட்டோம். கோடி ரூபாய்ச் சரக்குக்கு மட்டும் விதிவிலக்கு ஏன்?

3. "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றால், உடனே சங்கத்தில் சொல்லுங்கள்.

4. பணம் கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு உட்கார வேண்டாம். மாவட்டக் குற்றப்பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். போன் மூலமோ வங்கி மூலமோ பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்குப் பேசுங்கள். ஏமாற்றுதல் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவின்படி குற்றம்.

5. வானத்திலிருந்து ஏதேனும் விழுந்ததைக் கண்டால், நாள், நேரம், இடம் குறித்து, வெறுங்கையால் அதிகம் தொடாமல் சுத்தமான தாளில் சுற்றி வைத்து, வருவாய்த் துறைக்கோ, சென்னை கிண்டியில் உள்ள ஜி.எஸ்.ஐ. அலுவலகத்துக்கோ தெரிவியுங்கள். தண்ணீரில் கழுவ வேண்டாம். விழுந்ததைக் கண்ணால் பார்த்த கல்லுக்குத் தராசுச் சோதனையும் உரசலும் வேண்டாம். அவை நெடுநாள் கிடந்த கல்லுக்கு மட்டுமே.

6. இந்தக் கட்டுரையைக் கடை ஊழியர்களுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். தரகர் முதலில் பேசுவது முதலாளியிடம் அல்ல. பெரும்பாலும் அவருக்கு வேண்டியவர்களிடம்தான்.